டாட்டூவில் எந்தப் பாணி? முதல்முறை பச்சை குத்திக்கொள்பவருக்கு

என் இடது மணிக்கட்டின் உட்புறத்தில் ‘உண்மை’ என்று எழுதியிருக்கிறது. நான் சொன்னால்தான் அது உங்களுக்குத் தெரியும். 9 ஆண்டுகளுக்கு முன், மயிரிழை போன்ற கோட்டில், 5 மில்லிமீட்டர் உயரத்தில் குத்திக்கொண்டேன். முதல் வருடம் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். மூன்றாம் வருடம் மூன்றுசுழி ண-வின் சுழிகள் ஒவ்வொன்றாக அடைபடத் தொடங்கின. மேலே இருந்த புள்ளி மெல்ல இறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. இப்போது “கையில் பேனா மை பட்டிருக்கிறது” என்று யாராவது அக்கறையாகச் சொல்கிறார்கள்.

குத்தியவர் மேல் குறையில்லை. அவர் கை நடுங்கவில்லை, ஊசி புதியது, “இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடலாமே” என்றுகூடச் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. எந்தச் சொல் என்று ஆறு மாதம் யோசித்த நான், அது எந்தப் பாணியில், எந்த அளவில் வரவேண்டும் என்று ஆறு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முதல்முறை குத்திக்கொள்ளும் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். பாணியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக இங்கே தருகிறேன்.

முதலில், தோலுக்குள் நடப்பது

நம் தோலின் மேலடுக்கு சுமார் ஒரு மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. அங்கே மை தங்காது. அதனால்தான் ஊசி அதைத் தாண்டி உள்தோலுக்குள், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் மையை வைக்கிறது. உடலுக்கு அது அந்நியப் பொருள். நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த விழுங்கு செல்கள் ஓடிவந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்தச் செல் இறந்தால் துகள் வெளியே விழும். பக்கத்தில் வரும் புதிய செல் அதை எடுத்துக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளின் தோலில் இந்தக் கைமாற்றத்தைக் காட்டினார்கள்.

ஆக, டாட்டூ என்பது தாளில் காய்ந்த மை அல்ல. பிடிப்பதும் விடுவதுமாக இருக்கும் செல்களின் கையில் உள்ள மை. காலப்போக்கில் துகள்கள் சிறிது நகரும், சிறிது கரையும். மெல்லிய கோடு தடிக்கும், கூர்மையான முனை மழுங்கும், வெயில் பட்டால் நிறம் வெளிறும். இது எல்லாப் பாணிக்கும் பொது. எந்தப் பாணி இந்த மாற்றத்துக்கு இடம்விட்டு வரையப்பட்டிருக்கிறது, எது விடவில்லை என்பதில்தான் வேறுபாடு. இரண்டு கோடுகளுக்கு நடுவே எவ்வளவு வெறுந்தோல் விடப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ‘ஓட்ஸி’ என்ற மனிதனின் உடலில் 61 பச்சைக்குறிகள் எண்ணப்பட்டிருக்கின்றன. எல்லாம் கோடுகளும் சிலுவைக்குறிகளும். பனி காப்பாற்றியது என்பது வேறு விஷயம். ஆனாலும் இடைவெளி விட்டுப் போட்ட நேர்கோடுகள் அவை என்பதை நான் பொறாமையோடு கவனித்தேன்.

கருவை ஒரு பக்கம் வையுங்கள்

“எனக்கு ஒரு காகம் வேண்டும்” என்று கலைஞரிடம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காகம் என்பது கரு. அது இன்னும் பாணி ஆகவில்லை. அதே காகம் ஒவ்வொரு பாணியிலும் வேறு பறவையாகிவிடும். இதை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கப் பழகிவிட்டால் தேர்வு பாதி முடிந்தது.

ஓல்ட் ஸ்கூல் எனப்படும் அமெரிக்க மரபுப் பாணியில் அந்தக் காகத்துக்குச் சுற்றிலும் தடித்த கருங்கோடு இருக்கும். சிறகின் பாதி அடர்கறுப்பு, மீதி வெறுந்தோல். அலகில் ஒரு சிவப்பு ரோஜா. நிறங்கள் நாலைந்துக்கு மேல் போகாது: கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை. கடலோடிகள் வந்துபோன துறைமுகங்களில் வளர்ந்த பாணி இது. நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ’ரைலி, எடிசனின் மின்பேனாவை அடியொற்றி 1891-இல் பச்சை குத்தும் மின்கருவிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்தத் தொழில் வேகம் பிடித்தது. ஹொனலூலுவில் கடை வைத்திருந்த ‘செய்லர் ஜெர்ரி’ என்கிற நார்மன் காலின்ஸ் (1911–1973) இந்தப் பாணியின் பெரிய பெயர்களில் ஒருவர். சுவரில் மாட்டியிருக்கும் தயார்ப் படங்களிலிருந்து ஒன்றைக் காட்டி, அன்றே குத்திக்கொண்டு கப்பலேறும் ஆட்களுக்காக உருவானது. அதனால் எளிமை அதன் குறை அல்ல, அதன் இயந்திரநுட்பமே அதுதான். தடித்த கோடு கொஞ்சம் தடித்தாலும் தடித்த கோடாகவே தெரியும். இருபது வருடம் கழித்தும் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து “அது காகம்” என்று சொல்ல முடியும்.

அது பிடிக்காதவர்கள் சொல்வது, எல்லாம் ஒரே அச்சாக இருக்கிறது என்பது. உண்மைதான். அவர்களுக்காகத்தான் நியோ-ட்ரெடிஷனல் இருக்கிறது: அதே தடித்த வெளிக்கோடு, உள்ளே மட்டும் அதிக நிறங்களும் நுணுக்கமும்.

ஜப்பானிய மரபில் காகம் தனியாக வராது. அதைச் சுற்றிக் காற்று வேண்டும், மேகம் வேண்டும், பருவத்துக்கு ஏற்ற பூவோ இலையோ வேண்டும். உடலின் வளைவையே திரைச்சீலையாகக் கொண்டு தோளிலிருந்து முழங்கை வரை, சில சமயம் முதுகு முழுக்க, ஒரே காட்சியாக விரியும். 1827 வாக்கில் உடாகவா குனியோஷி வெளியிடத் தொடங்கிய மரச்செதுக்கு ஓவியங்களில் பச்சை குத்திய வீரர்கள் இடம்பெற்றார்கள். இன்றுவரை இந்தப் பாணி அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறது. 1872 முதல் 1948 வரை ஜப்பானில் பச்சை குத்துவது தடைசெய்யப்பட்டிருந்தது. அதைத் தாண்டியும் பிழைத்த பாணி. ஆனால் இதைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு படத்தை அல்ல, ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார். பல அமர்வுகள், மாதக்கணக்கு, சில சமயம் வருடக்கணக்கு. “முதலில் ஒரு சின்ன மீன் மட்டும் போட்டுக்கொள்கிறேன், பிறகு பார்க்கலாம்” என்று தொடங்கினால், பின்னால் வரும் பின்னணிக்கு அந்த மீன் எப்போதும் தப்பான இடத்தில்தான் நீந்தும்.

புகைப்படம்போல் வரையும் ரியலிசத்தில் காகத்துக்கு வெளிக்கோடே இருக்காது. ஒவ்வோர் இறகும் ஒளியாலும் நிழலாலும் எழும். கண்ணில் ஜன்னல் வெளிச்சம்கூடத் தெரியும். கறுப்பு மையை நீர்த்துப் பல சாம்பல் படிகளில் வரையும் ‘பிளாக் அண்ட் கிரே’ இதன் நெருங்கிய உறவு. ஒற்றை ஊசியும் கறுப்பு மையும் மட்டுமே கிடைத்த சிறைகளில் கைக்கு வந்த நுட்பம், 1970-களில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளுக்கு வந்து கலையாக நிமிர்ந்தது. நல்ல கையில் இது பிரமிக்க வைக்கும். ஆனால் கோடு இல்லாத படத்தைத் தாங்கிப் பிடிப்பது கருமைக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள தூரம் ஒன்றுதான். கருமை போதவில்லை என்றால் ஐந்தாறு வருடத்தில் எல்லாம் நடுத்தரச் சாம்பலாகிக் கலங்கிவிடும். ரியலிசக் கலைஞர் ஒருவருடைய படங்களைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள்; மிகக் கறுப்பான இடம் எவ்வளவு கறுப்பு என்று பாருங்கள். அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. ஒரு மனித முகம் என்றால் உள்ளங்கை அளவாவது வேண்டும் என்பது என் கணக்கு. சாம்பல் நிறக் கட்டைவிரல் ரேகை போல ஆகிப்போன பாட்டி முகங்களை நான் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கும் நல்லதல்ல, பேரனுக்கும் நல்லதல்ல.

ஃபைன் லைன், இன்று இளையவர்கள் அதிகம் கேட்பது. காகம் ஒரே இழையில், கையை எடுக்காமல் வரைந்ததுபோல் இருக்கும். வலி குறைவு, நேரம் குறைவு, சட்டைக்குள் மறைந்துவிடும். இதை நான் தூற்றினால் என் மணிக்கட்டுதான் பேசுகிறது என்பீர்கள். அதனால் நியாயமாகச் சொல்கிறேன்: மெல்லிய கோடு பிரச்சினை அல்ல, நெருக்கமான மெல்லிய கோடுதான் பிரச்சினை. தனித்து ஓடும் ஓர் இழை கொஞ்சம் தடித்தாலும் இழையாகவே நிற்கும். ஒரு செண்டிமீட்டருக்குள் பத்து இழைகளை அடைத்தால் அவை ஒன்றையொன்று தேடிப்போகும். நாணய அளவில் சிங்கமுகம் போடும் ‘மைக்ரோ ரியலிசம்’ ரியலிசத்தின் ஆபத்தையும் நெருக்கத்தின் ஆபத்தையும் சேர்த்து வாங்குகிறது. புகைப்படத்தில் அதைப்போல் அழகு வேறில்லை, அவ்வளவுதான்.

பிளாக்வொர்க் அதற்கு நேர் எதிர். காகம் முழுக்கக் கறுப்பு நிழலுருவம். சிறகின் பிரிவுகள் வெறுந்தோல் கீற்றுகளாக மட்டும் தெரியும். நிறமே இல்லாததால் வெளிற அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் பெரிய பரப்பை அடர்த்தியாக நிரப்ப ஒரே இடத்தில் ஊசி திரும்பத் திரும்பப் போகும். அந்த எரிச்சல் கோடு போடுவதைவிட அதிகம், ஆறவும் கூடுதல் நாள் ஆகும். மனம் மாறினால் அதன் மேல் வேறெதையும் வரைவது மிகக் கடினம். இதன் பொறுமைசாலித் தம்பி டாட்வொர்க்: ஆயிரக்கணக்கான புள்ளிகளின் நெருக்கத்தாலும் விலகலாலும் நிழல் வரும். வடிவியல் கோலங்களுக்கு அது பொருந்தும். வட்டமும் சதுரமும் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணில் குத்தும் என்பதால் இதை ஆள் பார்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும்.

வாட்டர்கலர் பாணியில் காகத்தின் சிறகு நீலமும் ஊதாவுமாகத் தெறித்து ஓடும், கோடே இருக்காது. முதல் டாட்டூவுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. வெளிர்நிறங்கள்தான் முதலில் மங்கும். அவை மங்கியபின் பிடித்துக்கொள்ள எலும்புக்கூடு கிடையாது. ஆசை விடவில்லை என்றால், அடியில் கறுப்புக் கோட்டில் முழுக் காகத்தையும் போட்டு, அதன் மேல் நிறத்தைத் தெறிக்கவிடும்படி கேளுங்கள். நிறம் போனாலும் காகம் இருக்கும்.

ட்ரைபல் என்று பொதுவாக அழைக்கப்படும் கறுப்பு வடிவங்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 1769-இல் டஹிட்டிக்குப் போன குக் என்ற கப்பல் தலைவரின் குழு ‘டடாவ்’ என்ற சொல்லை எழுதிவைத்தது. ‘டாட்டூ’ அங்கிருந்து வந்தது. அந்தப் பசிபிக் தீவுகளில் இவை இன்றும் உயிருள்ள மரபு. சமோவாவில் ஆண்கள் இடுப்பு முதல் முழங்கால் வரை குத்திக்கொள்ளும் ‘பெஆ’ வலியும் பொறுப்பும் சேர்ந்த சடங்கு. மாவோரி மக்களின் ‘டா மோகோ’ அணிபவரின் வம்சத்தைச் சொல்வது. இன்னொருவருடைய குடும்ப வரலாற்றைப் படமெடுத்து நம் தோளில் ஒட்டிக்கொள்வது அழகல்ல. வெளியாட்களுக்கென்று மாவோரிக் கலைஞர்களே வரைந்து தரும் வடிவங்களுக்குக் ‘கிரிடுஹி’ என்று தனிப் பெயர் இருக்கிறது. அந்த வடிவமொழி பிடித்திருந்தால் அந்த வழியே போகலாம்.

எழுத்து வேண்டும் என்பவர்களுக்கு

தமிழில் பெயரோ வரியோ குத்திக்கொள்ள நினைப்பவர் இதைக் கட்டாயம் படியுங்கள். ரோமன் எழுத்துகளில் e, a போன்ற சிலவற்றில்தான் மூடிய சின்ன வளையம் உண்டு. நம் எழுத்துகளோ சுழிகளால் ஆனவை. ண, ன, ஞ, இ, ஐகாரக் குறி என்று எங்கே பார்த்தாலும் சுழி. சுழிக்குள் இருக்கும் வெறுந்தோல் அடைபட்டால் எழுத்து செத்துவிடும். மூன்றுசுழி ண இருக்கும் சொல்லுக்கு எழுத்தின் உயரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப, ட, ர போல் திறந்த எழுத்துகள் மட்டும் என்றால் கொஞ்சம் குறைக்கலாம்.

அடுத்தது புள்ளி. தமிழ் தெரியாத கலைஞருக்குப் புள்ளி ஓர் அலங்காரம். இடம் போதவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுவார், அல்லது இரண்டு எழுத்துக்கு நடுவே வைத்துவிடுவார். கணினியில் எழுத்துரு மாறும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறுவதும் உண்டு. எனவே அச்செடுத்த தாளில் நீங்களும், தமிழ் நன்றாகத் தெரிந்த இன்னொருவரும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு தோலில் ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டிப் பதிக்கும் மாதிரி வரைபடம்) ஒட்டியதும் மறுபடி ஒருமுறை. சந்திப்பிழையோடு வாழ்நாள் முழுக்க நடமாடுவது கஷ்டம்.

இங்கே ஒரு சோதனை. ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்து, நீங்கள் நினைத்திருக்கும் அதே அளவில், மைப்பேனாவால் அந்தச் சொல்லை எழுதுங்கள். நிப்பை ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு நொடி நிறுத்துங்கள். மை நாரோடு ஊறிப் பரவும். சுழிகள் அடைபடுவதைக் கண்ணால் பார்க்கலாம். தோலில் இவ்வளவு ஊறாது. ஆனால் எந்த எழுத்து முதலில் விழும் என்பதை இது பொய் சொல்லாமல் காட்டும். எழுத்துக்கு மட்டுமல்ல, எந்த நுணுக்க வரைபடத்துக்கும் இதைச் செய்து பார்க்கலாம். ‘உண்மை’யை நான் பிற்பாடு இப்படி எழுதிப் பார்த்தேன். ண்-தான் முதலில் போனது.

தோலின் நிறமும் பாணியும்

மை இருப்பது உள்தோலில். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதற்கு மேலே. ஆகவே எந்த டாட்டூவையும் நாம் நிறக்கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை போன்றவை எடுபடாது அல்லது வேறு நிறமாகத் தெரியும். கறுப்பு, ஆழ்ந்த சிவப்பு, அடர்நீலம், அடர்பச்சை நன்றாக நிற்கும். வெள்ளைத்தோல்காரரின் கையில் எடுத்த படத்தைக் காட்டி “இதேபோல்” என்று கேட்பதில் உள்ள கோளாறு இதுதான். கலைஞர் தவறே செய்யாவிட்டாலும் அதேபோல் வராது.

நிறம் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தால், மறைவான இடத்தில் நாலைந்து நிறங்களைச் சின்னப் புள்ளிகளாக வைத்து, ஆறியபின் பார்த்து முடிவெடுக்கலாம். நல்ல கலைஞர்கள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். இதில் இன்னொரு பயனும் உண்டு: ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பு மையில். புள்ளியில் அரிப்பு வந்தால் பெரிய ரோஜாவில் வராமல் தப்பிக்கலாம்.

வெட்டுக்காயமோ காது குத்திய இடமோ உங்களுக்குத் தடித்த தழும்பாக, கீலாய்டாக வளரும் வழக்கம் இருந்தால், பாணியைப் பற்றி யோசிக்கும் முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். கருந்தோலில் அந்த வாய்ப்பு அதிகம். மார்பின் நடுவிலும் தோளிலும் இன்னும் அதிகம்.

எங்கே குத்துவது என்பது பாணியையும் தீர்மானிக்கும்

விரல்களின் பக்கவாட்டிலும் பாதத்திலும் தோல் ஓயாமல் உராய்கிறது. அங்கே எந்தப் பாணியும் சீக்கிரம் தேயும். மணிக்கட்டின் உட்புறம், முழங்கையின் மடிப்பு போன்ற இடங்களில் தோல் மெல்லியது, மடங்குவது. அங்கே நுணுக்கம் வேண்டாம். மேற்கையின் வெளிப்புறம், முன்கை, கெண்டைக்கால், முதுகின் மேற்பகுதி ஆகியவை சமத்தான இடங்கள். பெரும்பாலும் எதைப் போட்டாலும் தாங்கும்.

வட்டங்களும் நேர்கோடுகளும் கொண்ட வடிவியல் பாணிக்கு மட்டும் முன்கை ஒரு பொறி. கையைத் திருப்பும்போது அங்கே தோலும் திருகும். உள்ளங்கை மேலே பார்க்க வைத்து ஒட்டிய வட்டம், கை தொங்கும்போது முட்டையாகிவிடும். ஸ்டென்சிலை ஒட்டும்போது எழுந்து நின்று, கையை இயல்பாகத் தொங்கவிடுங்கள். கண்ணாடி முன் பத்து நிமிடம் நடந்து, உட்கார்ந்து, கைகட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். மூன்று முறை நான் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் முறை அவர் பெருமூச்சு விட்டார், பரவாயில்லை.

ஆளைப் பிடிப்பது

பாணியை முடிவு செய்தபின்தான் ஆளைத் தேட வேண்டும், தலைகீழாக அல்ல. “எல்லாப் பாணியும் செய்வேன்” என்பவர் பெரும்பாலும் எதையோ ஒன்றை நன்றாகவும் மற்றதை ஒப்பேற்றியும் செய்கிறவர். அவர் படத்தொகுப்பில் நீங்கள் விரும்பும் பாணியில் பத்துப் பதினைந்து வேலைகளாவது இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, ஆறிய படங்களைக் கேளுங்கள். ஊசி எடுத்த கையோடு எடுத்த படத்தில் எல்லா டாட்டூவும் அழகுதான்: தோல் சிவந்து பளபளக்கும், கறுப்பு கரியைப்போல் இருக்கும், வெள்ளைப் புள்ளிகள் மின்னும். ஓராண்டு கழித்து, முடிந்தால் மூன்றாண்டு கழித்து எடுத்த படம் வேண்டும், உங்கள் தோல் நிறத்துக்கு நெருக்கமானவரின் படமாகவும் இருக்க வேண்டும். தயக்கமில்லாமல் எடுத்துக் காட்டுபவரிடம் பாதி நம்பிக்கை வைக்கலாம். அந்தப் படத்தில் கோட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். நீலச்சாயம் கசிந்ததுபோல் ஒரு நிழல் கோட்டைச் சுற்றிப் பரவியிருந்தால், ஊசி தேவைக்கு மேல் ஆழமாகப் போயிருக்கிறது. ஒன்றில் இருந்தால் விபத்து. ஐந்தில் இருந்தால் வழக்கம்.

சுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் கூடாது. உங்கள் கண்முன் உறை பிரிக்கும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசி, புதிய கையுறை, உங்களுக்கென்று சின்னக் கிண்ணத்தில் ஊற்றும் மை. மீதி மையைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றுகிறவரைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். மையின் தயாரிப்பாளர் யார் என்று கேட்பதும் தப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது என்பதால், ஒழுங்கான மைப்புட்டிகளில் உள்ளடக்கம் எழுதியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அளவு குறித்து அவர் “பெரிதாகப் போடலாம்” என்றால், காசுக்காகச் சொல்கிறார் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். நான் அப்படித்தான் முடிவுகட்டினேன்.

ஆறும் நாட்கள்

கோடுகள் மட்டும் கொண்ட டாட்டூ இரண்டு வாரத்தில் மேலோட்டமாக ஆறிவிடும். அடர்கறுப்பும் அடர்நிறமும் மூன்று நான்கு வாரம் எடுக்கும். அதற்குள் தோல் உரிந்து, படம் பாலாடை மூடியதுபோல் மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், உள்ளே முழுதாக ஆற இரண்டு மூன்று மாதமாகும். சொறியாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள், நீச்சல் குளத்துக்கும் நேர்வெயிலுக்கும் போகாதீர்கள். காய்ச்சலோ சீழோ பரவும் சிவப்போ வந்தால் கலைஞரை அல்ல, மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆறிய பிறகு வெயிலில் போகும்போதெல்லாம் சன்ஸ்கிரீன். நிறப்பாணி எடுத்தவர்களுக்கு இது கடமை, கறுப்பு எடுத்தவர்களுக்கு நல்ல பழக்கம்.

பிடிக்காமல் போனால்

லேசர் இருக்கிறது என்ற தைரியத்தில் பலர் இறங்குகிறார்கள். லேசர் மைத்துகளை உடைக்கிறது. உடைந்ததை உடல் மெல்ல அப்புறப்படுத்துகிறது. கறுப்பு எல்லா அலைநீள ஒளியையும் உறிஞ்சுவதால் அதுதான் சுலபம். மஞ்சள், பச்சை, வெளிர்நீலம் அடம் பிடிக்கும். வெள்ளை மை சில சமயம் லேசர் பட்டதும் கறுத்துவிடும், வேடிக்கைதான். பல அமர்வுகள், வாரக்கணக்கான இடைவெளிகள், குத்தியதைவிட அதிக வலி.

மற்ற வழி, மேலே இன்னொன்றைக் குத்தி மறைக்கும் கவர்-அப். கறுப்பை வெள்ளையால் மறைக்க முடியாது. இருப்பதைவிட அடர்த்தியானதுதான் மறைக்கும். அதனால் புதியது பழையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் கறுப்பாகவும் இருக்க வேண்டும். மெல்லிய கோட்டில் சின்னதாகத் தொடங்கிய நான் இப்போது முன்கையின் பாதி வரை ஏறும் பிளாக்வொர்க் காகத்துக்குக் காத்திருப்பது இதனால்தான். மடித்த சிறகு ‘உண்மை’யின் மேல் வருகிறது. சென்ற வாரம் ஸ்டென்சில் ஒட்டிப் பார்த்தோம். உடல் முழுக்கக் கறுப்பு, கண் மட்டும் வெறுந்தோல் வட்டம். அந்த வட்டம் 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும், அழகாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. “4 வேண்டும், இல்லையென்றால் மூடிக்கொள்ளும்” என்கிறார் கலைஞர். 4 என்றே போடச் சொல்லிவிட்டேன்.